இருவருக்கு ஒரு சின்னப் படகு: தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எங்கள் படகு 26 அடி. நானும் கணவரும் மட்டும்தான் ஓட்டுகிறோம். கரையை ஒட்டியே ஒரு நாள், ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் என்று போய்வருவோம். படகுத்துறையில் கட்டியிருக்கும்போது யாராவது ஒரு ஜோடி வந்து நின்று பேச்சுக் கொடுப்பார்கள். பத்து நிமிடத்தில் "நாங்களும் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம்" என்பார்கள். அதற்குப் பிறகு வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவர்கள் கேட்டபடியே எழுதிவைத்து, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

இங்கே பேச்சு 22 முதல் 30 அடி வரையுள்ள, ஃபைபர் உடல் கொண்ட படகுகளைப் பற்றி மட்டும். பெருங்கடலைக் கடக்கிற திட்டம் இருந்தால் அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

பாய்ப்படகு நல்லதா, மோட்டார் படகு நல்லதா?

உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. வேக மோட்டார் படகு நீரின் மேல் எழும்பி 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கையில் என்றால் அதுவே சரி. ஆனால் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும், அலை கொஞ்சம் உயர்ந்தாலும் முதுகெலும்பு சொல்லும். பாய்ப்படகு 5 நாட் போனால் நல்ல ஓட்டம். அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம், சைக்கிளே முந்திவிடும். பதிலுக்கு, இஞ்சின் நின்றாலும் வீடு திரும்ப வழி இருக்கும். பாயில் காற்று நிறைந்திருக்கும்வரை படகு பக்கவாட்டில் உருளுவதும் குறைவு.

இரண்டுக்கும் நடுவில், 6 நாட்டில் நிதானமாக ஊர்ந்து போகும் மோட்டார் படகுகளும் உண்டு. கயிறு இழுக்க முடியாத மூட்டுவலிக்காரர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இனி எழுதியிருப்பதெல்லாம் பாய்ப்படகை மனதில் வைத்து.

இரண்டு பேர்தானே, எத்தனை அடி போதும்?

25 முதல் 28 அடி. இந்த அளவில் இரண்டு பேர் தூங்கலாம், சமைக்கலாம், மழை பெய்தால் உள்ளே உட்காரலாம். 22, 23 அடியிலும் சந்தோஷமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சட்டை மாற்றும்போது மற்றவர் வெளியே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளத்தைப் பற்றி இரண்டு கணக்கு தெரிந்திருந்தால் நல்லது. முதலாவது வேகம். நீரைக் கிழித்துப் போகும் படகின் உச்ச வேகத்தை அதன் நீர்க்கோட்டு நீளம்தான் (உடலில் நீர்மட்டம் தொடும் கோட்டின் நீளம்) நிர்ணயிக்கும்: அடியில் உள்ள அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். நீர்க்கோடு 20 அடி என்றால் 6 நாட், 25 அடி என்றால் 6.7 நாட். 20 கடல் மைல் பயணத்தில் பெரிய படகு உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது இருபது நிமிடம்.

இரண்டாவது கனம். நீளம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அகலமும் ஆழமும் சேர்ந்து கூடும். அதனால் 25 அடிப் படகை அதே வடிவில் 30 அடியாக்கினால் கொள்ளளவு சுமார் 70 சதவீதம் ஏறிவிடும். செலவு இந்தக் கொள்ளளவோடுதான் போகும், நீளத்தோடு அல்ல. பாய், கயிறு, நங்கூரம், அடிப்பெயின்ட், படகை ஏற்றியிறக்கும் கிரேன், எல்லாவற்றுக்கும் இதே கதை.

பெரிய படகுதானே கடலில் பாதுகாப்பு? ஏன் சின்னதை வாங்கச் சொல்கிறீர்கள்?

அலையில் பெரிய படகு நிதானமாக அசையும் என்பது உண்மை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். ஒருவருக்கு அடிபட்டாலோ, குமட்டிப் படுத்துவிட்டாலோ மாலுமிகளில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று அர்த்தம். மீதிப் பாதி அந்தப் படகைத் தனியாகத் துறைக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். அதனால் நான் எல்லாரிடமும் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் இருவரில் பலம் குறைந்தவர், அனுபவம் குறைந்தவர், தனியாளாகக் கரை சேர்க்க முடிகிற படகே உங்களுக்குப் பெரிய படகு. அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் முதலில் வாங்கியது 32 அடி, ஐந்து டன்னுக்கு மேல். ஒருநாள் குறுக்குக் காற்றில் துறைக்குள் நுழையும்போது கணவரின் கை கயிறு இழுக்கும் உருளையில், அதாவது வின்ச்சில், சிக்கி மணிக்கட்டு பிசகியது. சுக்கானை நான் வாங்கினேன். நான் 52 கிலோ. நகர்ந்துகொண்டிருக்கும் ஐந்து டன்னைக் கையால் தள்ளி நிறுத்தலாம் என்று நினைத்தது என் மடத்தனம். பக்கத்துப் படகின் கைப்பிடிக் கம்பியையும் எங்கள் சேமிப்பில் கொஞ்சத்தையும் சேர்த்து வளைத்தோம். இப்போதுள்ளது இரண்டரை டன். அதைக் காலால் உந்தித் தள்ளுவேன்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. 10 நாட் காற்று 20 ஆனால் பாயின் இழுப்பு நான்கு மடங்கு. 26 அடிப் படகின் பெரிய பாய் 12 முதல் 15 சதுர மீட்டர் இருக்கும். 33 அடியில் அது 20-ஐத் தாண்டும். படபடக்கும் அந்தத் துணியை ஒற்றை ஆளாக அடக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். சின்னப் படகு என்றால் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: லின், லாரி பார்டி தம்பதி செராஃபின் என்ற தங்கள் 24 அடி 4 அங்குலப் படகில் இஞ்சினே இல்லாமல் உலகைச் சுற்றினார்கள்.

கீல் என்கிறார்கள். ஒற்றை, இரட்டை, தூக்கும் கீல் என்று குழப்புகிறார்கள். எது நமக்கு?

படகின் அடியில் கனமாக இறங்கியிருக்கும் பகுதிதான் கீல். மரப்படகு கட்டுகிறவர்கள் இதை ஏரா என்பார்கள். படகு சாயாமல் நிமிர்ந்து நிற்கவும், பக்கவாட்டில் வழுக்காமல் காற்றை எதிர்த்து முன்னேறவும் அது வேண்டும். 26 அடிப் படகில் ஒற்றைத் துடுப்புக் கீல் நீருக்குள் ஏறக்குறைய 1.4 மீட்டர் இறங்கும். காற்றுக்கு எதிரே ஏறுவதில் அதை அடிக்க ஆளில்லை. சிறிய இடத்திலும் சட்டென்று திரும்பும். பழைய பாணி நீளக் கீல் நேர்கோட்டில் அழகாகப் போகும், சுக்கானையும் காப்பாற்றும். பின்னோக்கி ஓட்டும்போது மட்டும் தன் இஷ்டத்துக்குப் போகும்.

இரட்டைக் கீல் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) வற்றினால் படகு இரண்டு காலில் நிமிர்ந்து தரையில் நிற்கும். ஆழமில்லாத கழிமுகங்களும் ஓதம் ஏறியிறங்கும் சேற்றுத் துறைகளும் நிறைந்த கரையில் இது வரப்பிரசாதம். அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கக்கூட கிரேன் வேண்டாம். காற்றை எதிர்த்துப் போகையில் சில டிகிரி விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தூக்கும் கீல் அரை மீட்டர் ஆழத்திலும் நுழைய விடும், ஆனால் அதன் பெட்டி கேபினின் நடுவில் உட்கார்ந்து இடத்தைத் தின்னும். தூக்கும் கம்பியையும் அச்சாணியையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

நீங்கள் போகப்போகும் கரையின் வரைபடத்தை விரித்து, இரவு தங்க நினைக்கும் இடங்களின் ஆழத்தைப் பாருங்கள். பத்தில் ஏழு இடம் இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் ஒற்றைக் கீல் போதும். இல்லையென்றால் இரட்டை. படகைப் பார்த்து மயங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

இவ்வளவு சின்னப் படகு கவிழ்ந்துவிடாதா?

கீல் படகு சாயும், பயமுறுத்தும், ஆனால் காற்று மட்டும் அடித்து அதைத் தலைகீழாக்குவது அரிது. படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சிலவற்றில் 40 சதவீதம்வரை, அடியில் இரும்பாகவோ ஈயமாகவோ இருக்கும். சாயச் சாயப் பாயில் காற்று வழுக்கிப்போகும், அடிக்கனம் திருப்பி இழுக்கும். உண்மையில் படகைப் புரட்டுவது பக்கவாட்டில் வந்து உடையும் அலை. அதனால் புயலைவிட, மோசமான காற்றில் ஆற்றுமுக மணல்திட்டைத் தாண்டி உள்ளே நுழைவதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

காகிதத்தில் பார்க்க ஒரு வழி உண்டு. 1979-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் புயல் தாக்கி 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். அதன்பின் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த சூத்திரம் இது: படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64 ஆல் வகுத்து, கனமூலம் கண்டுபிடித்து, அடியில் உள்ள அகலத்தை அதனால் வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழே இருந்தால் நல்லது. 9 அடி அகலம், 6,400 பவுண்டு என்றால் 9-ஐ 4.64 ஆல் வகுத்து 1.94. ஆனால் கனம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. பாய்மர உச்சியில் பாறாங்கல்லைக் கட்டினாலும் "ஆஹா" என்றுதான் சொல்லும். சந்தேகமான படகை ஒதுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் 'பி கேட்டகரி' என்று பெருமையாகச் சொல்கிறார். அப்படியென்றால்?

ஐரோப்பிய விதிப்படி படகுகளுக்குத் தரும் வடிவமைப்பு எழுத்து அது. ஏ முதல் டி வரை. பி என்றால் காற்று, அதன் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8 வரையும் அலை 4 மீட்டர் வரையும் தாங்கும்படி வடிவமைத்தது. சி என்றால் பியூஃபோர்ட் 6, அலை 2 மீட்டர். கரையோரப் பயணத்துக்கு நல்ல சி போதும், பி நிம்மதி. படகில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தும் எழுத்து மாறலாம். ஒரே படகு நான்கு பேருக்கு பி, ஆறு பேருக்கு சி என்று தகட்டில் இருக்கும். 1998-க்கு முன் கட்டிய படகுகள் பலவற்றில் இந்த எழுத்தே இருக்காது. அதனால் அவை மட்டம் என்று ஆகாது.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியுமா? என் கணவர் ஆறு அடி.

27, 28 அடிக்கு வந்தால்தான் 1.8 மீட்டர் உயரம் எதிர்பார்க்கலாம். 24 அடிக்குக் கீழே பெரும்பாலும் குனிந்துதான் நடக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் உயரத்தைச் சின்னப் படகுக்குள் திணித்தால் படகின் பக்கச் சுவர் உயர்ந்துவிடும், காற்று அதைத்தான் பிடித்துத் தள்ளும். படகுக்குள் நிற்கிற நேரத்தைவிட உட்காரும் நேரமும் படுக்கும் நேரமும்தான் அதிகம். உட்கார்ந்தால் தலை இடிக்காமல் முதுகைச் சாய்க்க முடிகிறதா என்று பாருங்கள். ஏணிப்படிக்குக் கீழே, அடுப்புக்கு முன்னால், அந்த ஓர் இடத்தில் நிமிர முடிந்தால் என் கணக்கில் பாஸ்.

படுக்கையை அளந்து மட்டும் பார்க்காதீர்கள். பார்க்கப் போகும் அன்றே செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் சேர்ந்து படுத்துப் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில் உள்ள முக்கோணப் படுக்கையில் தோளுக்கு இடம் இருக்கும், நாலு கால்களும் ஒரே மூலையில் வந்து மல்லுக்கட்டும். கப்பலோட்டத்தின்போது அங்கே தூங்கவும் முடியாது, தூக்கிப்போடும். நடுக்கேபினில் நேராக நீண்ட, 2 மீட்டர் நீளமுள்ள ஓர் இருக்கையாவது வேண்டும். அதன் பக்கத்தில் துணித்தடுப்பு கட்டினால், சாய்ந்து போகும் படகிலும் ஒருவர் உருண்டு விழாமல் ஓய்வெடுக்கலாம்.

கழிப்பறை?

இருக்க வேண்டும், கதவோ கனத்த திரையோ இருக்க வேண்டும். பல உறவுகள் இதில்தான் சோதனைக்குள்ளாகின்றன. கடல்நீரை இறைக்கும் வகைக்குப் படகின் உடலில் இரண்டு துளைகளும் வால்வுகளும் தேவை. துறைக்குள் வெளியேற்றத் தடை இருக்கும் இடங்களுக்குச் சேமிப்புத் தொட்டியும் வேண்டும். ரசாயனம் ஊற்றி எடுத்துப்போய்க் கொட்டும் பெட்டிக் கழிப்பறையில் துளையும் இல்லை, கசிவும் இல்லை. எங்களுடையது அதுதான்.

உள்ளே டீசல் இஞ்சினா, பின்னால் அவுட்போர்டா?

25 அடிக்கு மேல், இரண்டு டன்னுக்கு மேல் என்றால் டீசல். டன்னுக்கு மூன்று, நான்கு குதிரைசக்தி போதும், அதனால் 26 அடிக்கு 10 முதல் 14. நிதானமாக 5 நாட்டில் ஓட்டினால் மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவில்தான் குடிக்கும். 20 லிட்டர் தொட்டியில் 60 கடல் மைல் தாராளமாகப் போகலாம். அவுட்போர்டை அவிழ்த்துக் கடைக்குத் தூக்கிப் போகலாம், கேபினில் இடமும் மிச்சம். ஆனால் அலையில் படகின் பின்புறம் எழும்பும்போதெல்லாம் அதன் விசிறி காற்றில் சுழன்று அலறும். இஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். நீளத் தண்டு உள்ளதாக வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

அவுட்போர்டில் இன்னொன்று பெட்ரோல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சமையல் எரிவாயுவும் அப்படியே. இரண்டையும், அடியில் ஓட்டை வழியாக வெளியே கடலுக்கு வடியும் தனிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டி இல்லாத படகில் கேபினுக்குள் சிலிண்டரைப் பார்த்தீர்களானால், மீதிப் பராமரிப்பும் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரிக் மோட்டார் போட்டுவிட்டால் எல்லாத் தொல்லையும் தீராதா?

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. இஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விசிறிக்குத் தரும். அப்படியும் 5 கிலோவாட் மணி பேட்டரி, இரண்டு லிட்டர் டீசலுக்குக்கூட ஈடாகாது. துறையிலிருந்து வெளியே வந்து, பாய் ஏற்றி, மாலையில் திரும்ப உள்ளே வர மட்டும் என்றால் எலக்ட்ரிக் அருமை, சத்தமே இல்லை. காற்று செத்துப்போன நாளில் 25 மைல் ஓட வேண்டும் என்றால் இப்போதைக்கு டீசல்தான்.

டில்லரா, சக்கரமா?

டில்லர், அதாவது சுக்கானின் கைத்தடி. சக்கரம் பார்க்கக் கப்பல் போல இருக்கும், சின்னக் காக்பிட்டில், அதாவது உட்கார்ந்து படகை ஓட்டும் திறந்த இடத்தில், பாதியை அடைத்துக்கொள்ளும். தடியைத் துறையில் மடக்கி மேலே தூக்கிவிடலாம். காற்று மிஞ்சினால் அது கையை இழுத்தே சொல்லிவிடும், பாயைச் சுருக்கு என்று.

ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் தனியாக எப்படிச் சமாளிப்பது?

மூன்றாவது பதிலில் "தனியாள்" என்றேனே, அதை நடைமுறையில் சாத்தியமாக்குவது மூன்று பொருள்கள். முதலில் ஆட்டோபைலட். டில்லரோடு மாட்டும் சின்ன வகையே போதும். அது பசிக்காத, புலம்பாத மூன்றாவது மாலுமி. இரண்டாவது, கயிற்றை இழுத்தால் தானே சுருண்டுகொள்ளும் முன்பாய். மூன்றாவது, பெரிய பாயைக் காக்பிட்டில் இருந்தபடியே சுருக்கும் ஏற்பாடு. கயிறுகள் பாய்மரத்தடியிலிருந்து பின்னோக்கி காக்பிட்டுக்கு வருகின்றனவா என்று பாருங்கள்.

பார்த்தால் மட்டும் போதாது, சுருக்கிப் பாருங்கள். பலம் குறைந்தவர்தான் செய்ய வேண்டும், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது. கயிறு எங்கோ உராய்ந்து நின்றால் சரிசெய்யக்கூடிய கோளாறுதான், ஆனால் விலை பேசும்போது நினைவில் இருக்கட்டும்.

நங்கூரத்தை யார் தூக்குவது?

நான்தான், அதனால் கணக்கு மனப்பாடம். இந்த அளவுப் படகுக்கு 10 கிலோ நங்கூரமும் 30 மீட்டர் 8 மில்லிமீட்டர் சங்கிலியும் வழக்கம். சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ. 5 மீட்டர் ஆழத்தில் அடியிலிருந்து பிடுங்கும் கணத்தில் கையில் தொங்குவது 17 கிலோ போல. சமாளிக்கலாம். 15 மீட்டர் ஆழமான இடங்களிலேயே தங்குவீர்கள் என்றால் 30 கிலோவைத் தாண்டும், சங்கிலியைச் சுற்றி இழுக்கும் விண்ட்லாஸ் கருவி போடுங்கள்.

சங்கிலி மட்டும் என்றால் ஆழத்தைப்போல் நான்கு மடங்கும், கயிறு கலந்தது என்றால் ஆறேழு மடங்கும் விட வேண்டும். ஓதம் உச்சத்துக்கு ஏறும்போது இருக்கும் ஆழத்தோடு, நீரிலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 5 மீட்டர் ஆழம், அணியம் 1 மீட்டர் என்றால் 24 மீட்டர் சங்கிலி. படகில் 15 மீட்டர்தான் இருக்கிறது என்றால், முந்தைய சொந்தக்காரர் இரவெல்லாம் துறையிலேயே கட்டியிருந்தார் என்று பொருள்.

ஃபிரிட்ஜ், லைட், போன் சார்ஜ், தண்ணீர் எல்லாம் போதுமா?

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மின்சாரம் ஒரு பிரச்சினையே இல்லை. எல்இடி விளக்கு, வரைபடத் திரை, ஆட்டோபைலட், போன் எல்லாம் சேர்த்து நாளுக்கு 20 ஆம்பியர் மணி சுற்றியே வரும். ஒரு 100 வாட் சோலார் தகடு வெயில் நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஃபிரிட்ஜ் தனியாக 30, 40 கேட்கும். ஈய பேட்டரியில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம் என்பதால் ஃபிரிட்ஜ் வந்தவுடன் எல்லாமே இரண்டு மடங்காகும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4, 5 லிட்டர், சிக்கனமாக. பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிவிட்டு நல்ல தண்ணீரில் அலசினால் 60 லிட்டர் தொட்டி ஆறு நாள் வரும். தொட்டியை மட்டும் நம்பாமல் இரண்டு கேன் தனியாக வையுங்கள். எங்களுக்கு ஒருமுறை மூடி சரியாக மூடாமல் உப்புநீர் இறங்கிவிட்டது.

அக்கா, அவருக்குத்தான் இந்த ஆசையெல்லாம். எனக்குப் படகில் ஏறினாலே குமட்டும். என்ன செய்ய?

முதலில், வாங்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு இதே அளவுப் படகை வாடகைக்கு எடுங்கள், கூடவே ஓட்டத் தெரிந்தவரையும். குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும். காக்பிட்டில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானை நீங்களே பிடியுங்கள். படகு அடுத்து எப்படி அசையும் என்று கைக்குத் தெரிந்தால் வயிறு அமைதியாகும். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு முன்பே, குமட்டிய பிறகு அல்ல. அணியப் பக்கம் கேபினுக்குள் போய் எதையும் தேடாதீர்கள், அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

படகைத் தேர்ந்தெடுப்பதிலும் இது வரும். ஒரே நீளத்தில் கனமான, அகலம் மிதமான படகு மெதுவாக அசையும். இலேசான, அகலமான படகு வெடுக் வெடுக்கென்று குலுக்கும். துறையில் அகலமான படகின் கேபின் வீட்டுக்கூடம் போல இருக்கும், அங்கேதான் மனம் விழுந்துவிடும். வெளியே அலையில் ஒரு மணி நேரம் போகாமல் எந்தப் படகுக்கும் சரி சொல்லாதீர்கள். அந்த மூன்று நாளுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. படகு இல்லாத எத்தனையோ நல்ல தாம்பத்தியங்கள் உண்டு.

புதிதா, பழையதா?

பழையது. 1960-கள் முதல் 80-கள் வரை கட்டிய ஃபைபர் படகுகள் தடித்த உடம்புக்காரர்கள். ஆல்பின் வேகா, கொண்டெஸ்ஸா 26, இரட்டைக் கீல் வெஸ்டர்லி சென்டார், காட்டலினா 27 போன்றவை ஏராளமாகக் கட்டப்பட்டவை. அவற்றில் எங்கே கசியும், எது உடையும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், உதிரிக்கும் அனுபவத்துக்கும் பஞ்சமில்லை. முதல் படகில் நீங்கள் செய்யப்போகும் கீறல்கள் பழைய படகில் கூட்டத்தோடு கூட்டமாகிவிடும்.

ஆனால் "பாதி வேலை முடிந்த" படகை வாங்காதீர்கள். உள்ளே எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டு, "இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம்" என்று தருவார்கள். அவரால் முடிந்திருந்தால் அவரே முடித்திருப்பார்.

பழைய படகைப் பார்க்கப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

மழை பெய்த மறுநாள் போங்கள். ஜன்னல் கசிவு, மூலையில் ஈரம், பூஞ்சை எல்லாம் தானே பேசும். பிறகு தளத்தில் வெறுங்காலோடு நடங்கள். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்த தளத்தில் ஆணித்துளை வழியாகத் தண்ணீர் போனால் மரம் மக்கிவிடும். அங்கே கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினால் நல்ல இடம் டக் டக், மக்கிய இடம் தொப் தொப்.

அடுத்து கீல் உடலோடு சேரும் இடம். பின்விளிம்பில் வெடிப்பு, உள்ளே தரைப்பலகையைத் தூக்கினால் போல்ட்டைச் சுற்றித் துரு வழிவு, தாங்கும் குறுக்குச்சட்டங்களில் விரிசல், இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால் படகு தரைதட்டியிருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் எந்த ஆண்டு போட்டவை என்று கேளுங்கள். 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றுவது வழக்கம், காப்பீட்டுக்காரர்களும் இதைக் கேட்பார்கள். நீருக்குக் கீழேயுள்ள ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பாருங்கள். சாதாரணப் பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாகி உதிரும், வெண்கலம் தாங்கும்.

அடியில் கொப்புளம் இருந்தால் எல்லாரும் அலறுவார்கள். ஃபைபருக்குள் நீர் ஊறி வருவது அது. பெரும்பாலும் மெதுவாக நடப்பது, படகை மூழ்கடிப்பது அபூர்வம். விலை குறைக்க நல்ல காரணம். மக்கிய தளத்தையும் ஆடுகிற கீலையும் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

இவ்வளவும் நாமே பார்த்துவிட்டால் சர்வேயர் எதற்கு?

சர்வேயர் என்றால் படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணர். நீங்கள் அந்தப் படகைக் காதலிக்கிறீர்கள், அவர் காதலிக்கவில்லை. விற்பவர் சிபாரிசு செய்பவரை விட்டுவிட்டு உங்கள் செலவில் உங்கள் ஆளை வையுங்கள், படகைக் கரையேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்பே பார்த்துவைத்தால் மூன்று படகுக்கு சர்வே செலவு செய்யாமல் ஒன்றோடு முடியும். இஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அன்று வேண்டாம் என்று சொல்லி, குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப இன்னொரு நாள் வாருங்கள்.

ஒருத்தர் தண்ணீரில் விழுந்துவிட்டால், மற்றவர் எப்படி மேலே தூக்குவது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. நான் படகு பார்க்கும்போது முதலில் பார்ப்பதே இதுதான். 75 கிலோ மனிதர், நனைந்த உடை, ஒரு மீட்டர் உயரப் பக்கச் சுவர். கையால் தூக்க முடியாது. வீரம் பேசுகிறவர்கள் முயன்று பார்க்கலாம். படகின் பின்புறம் ஏணி வேண்டும், அதைத் தண்ணீரில் இருப்பவரே இழுத்துக் கீழே இறக்க முடிய வேண்டும், குறைந்தது மூன்று படி நீருக்குள் போக வேண்டும். மயங்கியவரைத் தூக்க, பாய் ஏற்றும் கயிற்றை வின்ச்சில் சுற்றி அவரது மிதவை அங்கியின் வளையத்தில் மாட்டும் வழி இருக்க வேண்டும். அமைதியான நாளில் நங்கூரமிட்டு, ஒருவர் நீரில் இறங்கி, இதைச் செய்து பாருங்கள். நாங்கள் செய்தபோது முதல் தடவை நாற்பது நிமிடம் ஆனது. கயிறு எந்த வின்ச்சுக்குப் போக வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

விழாமல் இருப்பதே மேல். அணியத்திலிருந்து பின்புறம்வரை தளத்தில் கட்டிய பட்டை, அதில் மாட்டும் வார், தானே ஊதும் 150 நியூட்டன் மிதவை அங்கி, கால்களுக்கிடையே போகும் வாரோடு. தனியாக வெளியே இருப்பவர் மாட்டாமல் காக்பிட்டை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் படகின் ஒரே சட்டம். நீச்சல் தெரியாதவருக்கும் நன்றாகத் தெரிந்தவருக்கும் இது ஒன்றுதான். குளிர்ந்த நீரில் நல்ல நீச்சல்காரரின் கையும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

வண்டியில் கட்டி இழுத்துப்போகிற படகு வாங்கினால் துறை வாடகை மிச்சம்தானே?

மிச்சம்தான். சாலையில் அகல வரம்பு பல நாடுகளில் இரண்டரை மீட்டர் சுற்றியே இருப்பதால் தூக்கும் கீல் உள்ள ஒடுங்கிய படகாகத்தான் வரும். அதன் நல்லது கெட்டது கீல் பதிலில் இருக்கிறது. பாய்மரத்தை நிறுத்தி, கயிறு பூட்டி, தண்ணீரில் இறக்க ஒன்றரை மணி நேரம் என்று விளம்பரக்காரர் சொன்னால், இருவருக்கும் பேச்சுவார்த்தை நடக்கும் நிலையில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு கரை என்றால் அருமை. ஒவ்வொரு ஞாயிறும் என்றால் இரண்டாவது மாதமே வண்டி கொட்டகைக்குள் போய்விடும்.

வாங்கியாச்சு. முதல் பயணம் எவ்வளவு தூரம் போகலாம்?

சராசரி 4 நாட் என்று போடுங்கள், உச்ச வேகத்தை மறந்துவிடுங்கள். ஐந்து மணி நேரம், 20 கடல் மைல். வெளிச்சம் மூன்று மணி நேரமாவது மிச்சம் இருக்கும்படி சேருங்கள். நடுவழியில் ஒதுங்க ஒரு துறை இருக்க வேண்டும். போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வரும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள், களைத்த பிறகு சுலபமான பாதி மிச்சம் இருக்கும்.

இரண்டாவது பயணத்தில் பலம் குறைந்தவர் துறையிலிருந்து அவிழ்ப்பது முதல் திரும்பக் கட்டுவதுவரை தனியாகச் செய்யட்டும், மற்றவர் பயணி. நான் செய்த அன்று மூன்றாவது முயற்சியில்தான் துறையில் ஒட்டினேன். கணவர் இரண்டு முறை வாயைத் திறந்தார், இரண்டு முறையும் அவரே மூடிக்கொண்டார்.